அரிகிருஷ்ணன் முறை

உள்தேர்வு மதிப்பெண்கள் திரையில் வந்தபோது அரிகிருஷ்ணன் முதலில் சந்தேகப்பட்டது கணினியைத்தான். வேறு ஏதோ பாடத்தின் மதிப்பெண்கள் வழிதவறிப் புள்ளியியலுக்குள் வந்துவிட்டன என்று நினைத்தார். வெளியேறி, மறுபடி உள்ளே போய்ப் பார்த்தார். அப்படியேதான் இருந்தன. பாதிப் பேருக்கு மேல் தேறவில்லை. போன செமஸ்டரில் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம் வாங்கிய சிவசங்கரி என்ற பெண் நூற்றுக்கு இருபத்திரண்டு வாங்கியிருந்தாள்.

"இன்னாங்க, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்று கேட்டாள் அவர் மனைவி ஹேமலதா. கதிர்காமத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை அவளுக்கு. கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல. பசங்க கொஞ்சம் கம்மியா எடுத்திருக்காங்க."

"எவ்ளோ கம்மி?"

சொன்னார். அவள் ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றாள்.

"இதுக்கா பொன்னாடை போத்துனாங்க?" என்றாள்.

பொன்னாடை போர்த்தி இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. வரவேற்பறை நாற்காலியின் முதுகில் அது தொங்கிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் அதன் மேல் சாய்ந்துதான் உட்கார வேண்டியிருந்தது.

நடந்தது இதுதான். அரிகிருஷ்ணன் வேலை பார்த்த வங்கக்கரை அரசுப் பல்கலைக்கழகம் தரவரிசையில் ஆண்டுதோறும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஆசிரியர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள். புதிதாக யாரும் வரவில்லை. ஆளெடுக்க அரசு அனுமதி தரவில்லை. கேமரா வாங்கத் தந்தது. ஆகவே முதலாண்டுப் பாடங்கள் எல்லாம் இணையத்துக்குப் போயின. வகுப்பு இல்லாததால் பல்கலைக்கழகப் பேருந்து நின்றது. பேருந்து நின்றதால் கேன்டீன் மூடியது. கேன்டீன் மூடியதால் நூலகத்துக்கு வந்துகொண்டிருந்த சிலரும் வரவில்லை. பிறகு நூலகத்தையும் மத்தியானத்தோடு பூட்டினார்கள். வீடியோதானே, எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாமே என்று வீடுகளில் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பினார்கள். நேரு வீதித் துணிக்கடைகளிலும் தட்டாஞ்சாவடிப் பட்டறைகளிலும் பாதி வகுப்பு நின்றுகொண்டிருந்தது. பல்கலைக்கழக வளாகத்தில் வில்லியனூர்ப் பக்கத்து மாடுகள் மேய்ந்தன.

மாணவர்களுக்குச் சந்தேகம் வந்தால் வீடியோவுக்குக் கீழே எழுதலாம் என்று முதலில் ஏற்பாடு. அவர்கள் சந்தேகத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதினார்கள். அதனால் அந்தப் பெட்டியை அடைத்துவிட்டு, குறைகளை ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பச் சொன்னார்கள். அனுப்பிய நொடியிலேயே, 'தங்கள் குறை தீர்க்கப்பட்டது' என்று தானாகப் பதில் போய்விடும்.

இணையவழிக் கல்வி மையத்துக்கு இயக்குநர் பிரூனோ. பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். லியோனில் பல காலம் வேலை பார்த்து, ஓய்வூதியத்தோடு ஊருக்குத் திரும்பியவர். சும்மா இருக்கப் பிடிக்காமல் இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

தேர்வுகளை மட்டும் நேரில், கூடத்தில் உட்காரவைத்து நடத்தினார்கள். முதல் செமஸ்டர் முடிவு வந்தபோது பிரூனோவுக்குச் சும்மாவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கணிதம் படுத்தது, பொருளாதாரம் படுத்தது, ஆங்கிலம் எழுந்திருக்கவே இல்லை. ஆனால் அவர் போட்ட வரைபடத்தில், 'தானே' புயலுக்குப் பிறகு நின்ற ஒற்றைத் தென்னை மாதிரி, புள்ளியியல் மட்டும் நெட்டுக்குத்தாக நின்றது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தேர்ச்சி. பாடம் எடுத்தவர் அரிகிருஷ்ணன், ஒப்பந்த உதவிப் பேராசிரியர்.

"வொலா," என்றார் பிரூனோ, பிரெஞ்சில். "இதுதான் நமக்கு வேணும்."

அரிகிருஷ்ணனுக்கே அது நம்ப முடியாத சேதியாக இருந்தது. பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பறையில் திட்ட விலக்கம் நடத்தியவர் அவர். கடைசி மூன்று பெஞ்சு தூங்கும்; நடு பெஞ்சுகள் தூங்காமலிருக்க முயற்சி செய்யும். அந்த வீடியோக்களையும் அவர் ஏதோ ஒப்பேற்றித்தான் எடுத்திருந்தார். பின்னறையில் அரிசி டிரம்மின் மேல் பழைய செல்பேசியை நிறுத்தி, சின்னக் கரும்பலகையில் எழுதி எழுதிப் பேசுவார். முடிந்ததும் அப்படியே ஏற்றிவிடுவார். தன் முகத்தைத் தானே பார்க்க அவருக்குக் கூச்சம். ஒன்றைக்கூடத் திருப்பிப் போட்டுப் பார்த்ததில்லை.

ஆனால் பெரியவர்கள் எல்லாரும் பார்த்திருந்தார்கள். பாராட்டு விழாவில் துணைவேந்தர், தான் இரண்டு மூன்று வீடியோக்களைக் கடைசிவரை பார்த்ததாகவும், கணீரென்ற அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருப்பதாகவும் சொன்னார். பிரூனோ அமர்த்திய ஆலோசனை நிறுவனம் ஓர் அறிக்கையே கொடுத்தது. அதில் அரிகிருஷ்ணனின் ஏற்ற இறக்கம், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அவர் விடும் இடைவெளி, உச்சரிப்பின் தெளிவு எல்லாம் தனித்தனித் தலைப்பில் அலசப்பட்டிருந்தன. அந்த அறிக்கையில்தான் முதன்முதலாக 'அரிகிருஷ்ணன் முறை' என்ற பெயர் வந்தது. மற்ற துறையினரும் அதைப் பின்பற்றும்படி சுற்றறிக்கை போனது.

ஒரு மனிதரிடம் திரும்பத் திரும்ப உங்கள் குரல் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அவர் எவ்வளவு நாள்தான் மறுப்பார்? அரிகிருஷ்ணன் காலையில் பனங்கற்கண்டும் மிளகும் போட்டுப் பால் குடிக்க ஆரம்பித்தார். ஐஸ் தண்ணீரை விட்டார். காய்கறிக்காரரிடம் கத்தரிக்காய் விலை கேட்கும்போதுகூட நடுவில் ஓர் இடைவெளி விட்டுக் கேட்டார்.

விருதைத் தொடர்ந்து மூன்று காரியங்கள் நடந்தன. ஒன்று, இரண்டாம் செமஸ்டரும் இதே தேர்ச்சி வந்தால் அவரை நிரந்தரமாக்குவதாகத் துணைவேந்தர் மேடையிலேயே சொன்னார். இரண்டு, பூட்டிக் கிடந்த ஒரு வகுப்பறையை ஸ்டுடியோ ஆக்கினார்கள். விளக்குகள், பச்சைத் திரை, கேமரா, மைக், முகத்துக்குப் பவுடர் போட ஓர் ஆள் என்று எல்லாம் வந்தன.

மூன்றாவது காரியத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரே ஆசிரியர் இவ்வளவு பேருக்கு இவ்வளவு நன்றாக நடத்தும்போது இன்னொருவர் எதற்கு என்று கணக்குப் போட்டு, அதே துறையில் இருந்த செந்தமிழ்ச்செல்வியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டு அவருக்குப் பக்கத்து மேசைக்காரர். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். தன் மேசை விசிறியையும் டம்ளரையும் எடுத்துப்போக வந்த அன்று, அரிகிருஷ்ணனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. தான் எதையும் கேட்கவில்லை, இப்படி ஆகுமென்று தெரியாது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார்.

"உங்க மேல எனக்கு இன்னா சார் வருத்தம்," என்றார் செந்தமிழ்ச்செல்வி. "நல்லா நடத்துறவங்க நடத்தட்டும். உங்க வீடியோவைப் பாத்து நானும் கத்துக்கணும்னுதான் இருந்தேன். வேலை தேடுற அலைச்சல்ல ஒண்ணுகூடப் பாக்க முடியல."

விசிறியைப் பேருந்து நிறுத்தம் வரை அரிகிருஷ்ணன்தான் தூக்கிக்கொண்டு போனார். அது ஓடாத விசிறி. அதைக்கூட விட்டுப்போக மனமில்லாமல் எடுத்துப்போகிறார் என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது. மறுநாள் படப்பிடிப்பைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. குரலைக் காப்பாற்றியாக வேண்டுமே.

அப்படிக் காப்பாற்றிய குரலில் நடத்திய பாடத்துக்குத்தான் இந்த இருபத்திரண்டு.

தன் விளக்கம் போதவில்லை என்று முதலில் முடிவு செய்தார். ஒரு முறை சொன்னதை மூன்று முறை சொன்னார். ஒவ்வொரு வரியையும் பிட்டுப் பிட்டு வைத்தார். மாணவன் யோசிக்க ஓர் இடம்கூட மிச்சம் வைக்கவில்லை. வீடியோக்கள் இருமடங்கு நீண்டன. அடுத்த உள்தேர்வில் தேர்ச்சி இன்னும் குறைந்தது.

பிரூனோ கூப்பிட்டனுப்பினார். நீளம் அல்ல, உணர்ச்சிதான் குறை என்று அவர் கருதினார். கதை சொல்லுங்கள், சிரிக்க வையுங்கள் என்றார். அரிகிருஷ்ணன் பெரிய மார்க்கெட்டில் வஞ்சிர மீன் வாங்கப்போன ஒரு கஞ்சனை உண்டாக்கி, அவனை வைத்துச் சராசரியை நடத்தினார். நிகழ்தகவுக்கு அவனுக்கே கல்யாணம் செய்துவைத்தார். பவுடர் போடும் ஆள் விழுந்து விழுந்து சிரித்தான். தேர்வில் ஒரு மாணவர், 'சராசரி என்றால் என்ன?' என்ற கேள்விக்கு, 'வஞ்சிரம்' என்று எழுதியிருந்தார். தேர்ச்சி கால்வாசிக்கு வந்துவிட்டது.

"எங்கயோ ஒண்ணு மாறியிருக்கு," என்று ஹேமலதாவிடம் புலம்பினார். "போன செமஸ்டர்ல நான் ஏதோ ஒண்ணு சரியா செஞ்சிருக்கேன். அது இன்னான்னு எனக்கே தெரியல."

"நான் கேட்ட வரைக்கும் அப்பவும் இதையேதான் பேசுனீங்க," என்றாள் அவள். "சுவத்துக்கு இந்தப் பக்கம் தெனம் கேட்டேனே. எனக்குத் தூக்கம்தான் வந்துது."

இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து வருவதாலேயே ஒன்றுக்கு மற்றொன்று காரணமாகிவிடாது என்று ஆண்டுதோறும் பாடம் நடத்தியவர் அவர். இப்போது அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, அப்போது எப்படியிருந்ததோ அப்படியே எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவருவதென்று தீர்மானித்தார். அதே பின்னறை, அதே அரிசி டிரம், அதே கரும்பலகை. பிரூனோ ஒப்புக்கொண்டார்; தரத்தை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது என்று மையத்தின் கேமரா, மைக் பெட்டியை ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். பால் நின்றது. ஐஸ் தண்ணீர் திரும்பி வந்தது.

அப்போது போட்டிருந்த நீலச் சட்டைதான் கிடைக்கவில்லை. தேடிப்போனால் அது அடுப்படியில் பாத்திரம் இறக்கும் துணியாகியிருந்தது. ஒரு கை முழுதாக இருந்தது. இன்னொரு கை ஹேமலதாவின் தையல் மிஷினைத் துடைக்கப் போயிருந்தது. அவர் அதைத் துவைத்து, கிழிந்த பக்கம் கேமராவுக்குத் தெரியாமல் திரும்பி நின்று, மஞ்சள் கறையோடு ஒட்டுறவுக் கெழுப் பாடத்தை நடத்தினார். ஹேமலதா கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். அன்று அவள் சிரிக்கவில்லை என்பதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

அந்தப் பாடத்தில் தேறியவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

இதற்குள் அரிகிருஷ்ணன் முறையைப் பின்பற்றிய மற்ற துறைகளும் சேர்ந்து மூழ்கியிருந்தன. தரவரிசைக் குழு வரும் நேரம். பல்கலைக்கழக இணையதளத்தில் 'அரிகிருஷ்ணன் முறை' என்றிருந்த இடம் ஒருநாள் ஓசைப்படாமல் 'முன்னோடித் திட்டம்' என்று மாறியது. மறுவாரம் அதுவும் இல்லை. பிரூனோ அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வழக்கமாக வரும் காபி வரவில்லை.

"உங்களை வெச்சித்தான் அரி சார், நான் இந்த வண்டியை ஓட்டுனேன்," என்றார். "திங்கக்கிழமை குழு உக்காருது. மொத செமஸ்டர்ல இன்னா பண்ணீங்கன்னு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. நான் உங்களைக் காப்பாத்திடறேன்."

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா சார்?"

"அப்ப தெரிஞ்சவங்களைக் கேளுங்க."

அதுவரை அரிகிருஷ்ணனுக்கு அந்த யோசனையே வரவில்லை. வரைபடத்தைக் கேட்டார், அறிக்கையைக் கேட்டார், துவைத்த சட்டையைக்கூடக் கேட்டார். மாணவர்களில் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவர்களில் ஒருவர் முகமும் அவருக்குத் தெரியாது.

சிவசங்கரி தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி செய்யும் பட்டறை ஒன்றில் வேலை செய்வதாக அலுவலகத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டார். சாப்பாட்டு வேளையாகப் பார்த்துப் போனார். தொழிற்பேட்டை முழுக்க பிளாஸ்டிக் உருகும் நாற்றம். உள்ளே மிஷின்கள் போட்ட சத்தத்தில் காவலாளியிடம் பெயரை நான்கு முறை கத்த வேண்டியிருந்தது. பிறகு மெலிந்த ஒரு பெண், சோற்றுக்கை காயாமல் வெளியே வந்தாள். அவரைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க சார். நீங்க எங்க சார் இங்க? ஃபெயிலானதுக்குத் திட்ட வந்தீங்களா?"

திட்ட வரவில்லை, ஒரு விஷயம் கேட்டுப்போக வந்தேன் என்று அவர் சொன்னார். அவள் கையைக் கழுவிவிட்டு வந்தாள். வாசலில் கவிழ்த்திருந்த பிளாஸ்டிக் கூடைகளின் மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் பாகூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்குச் சொந்தமாக நிலம் இல்லை. குத்தகைக்கு வாங்கி விவசாயம் செய்கிறார். வகுப்பு இணையத்துக்குப் போனதும் அவளை வேலைக்கு அனுப்பினார்கள். இந்த செமஸ்டரோடு படிப்பை நிறுத்திவிடப்போவதாகச் சாதாரணமாகச் சொன்னாள்.

"நல்லா படிக்கிற பொண்ணும்மா நீ."

"போன செமஸ்டர் படிச்சேன் சார்."

அவர் கேட்க வந்ததும் அதுதான். போன செமஸ்டரில் அப்படி என்ன இருந்தது என்று கேட்டார். கேட்கும்போது, தன்னையறியாமல், அறிக்கையில் சொல்லியிருந்த அந்த இடைவெளி குரலில் வந்துவிட்டது.

அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. அந்த செமஸ்டரில் வேலை முடிந்ததும் பக்கத்துப் பட்டறைப் பிள்ளைகள், நேரு வீதிக் கடைகளில் நிற்பவர்கள், எல்லாரும் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கூடுவார்களாம். ஒரு செல்பேசியை நடுவில் வைத்து அவருடைய வீடியோவை ஓடவிடுவார்களாம். அவர் பலகையில் ஒரு வரி எழுதியதும் நிறுத்திவிட்டு, அது எப்படி வந்தது என்று சண்டை போடுவார்களாம். புத்தகத்தைப் புரட்டுவார்களாம். ஒருவன் ஒன்று சொல்ல, இன்னொருத்தி இல்லையென்பாளாம். ஒரு கணக்குக்காக இரண்டு பேர் ஒரு வாரம் பேசிக்கொள்ளவே இல்லையாம். கடைசிப் பேருந்தை எத்தனையோ நாள் விட்டிருக்கிறார்களாம்.

"எங்க ஸ்கூல்லகூட நாங்க அப்படிப் படிச்சதில்ல சார்," என்றாள்.

அரிகிருஷ்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினெட்டு ஆண்டில் அவருடைய பாடத்துக்காக யாரும் சண்டை போட்டதில்லை. பேருந்தை விட்டதில்லை. நிரந்தரம் கிடைக்காவிட்டாலும் போகிறது, திங்கட்கிழமை குழுவின் முன்னால் நிமிர்ந்து உட்கார இது போதும் என்று தோன்றியது. செந்தமிழ்ச்செல்வியின் முகம்கூட அந்த நிமிடத்தில் கொஞ்சம் விலகி நின்றது.

"இப்பவும் கூடுறீங்களா?"

"இல்ல சார். இப்ப யாரும் வர்றதில்ல. அவங்கவங்க காதுல மாட்டிக்கினு மிஷினாண்டயே ஓடவிட்டுட்டு வேலையைப் பாக்குறோம். முடிஞ்சதும் வூட்டுக்குப் போயிடுறோம்."

"ஏம்மா? போன செமஸ்டர்லயும் அதே சார்தானே, அதே பாடம்தானே. அப்ப மட்டும் ஏன் எல்லாரும் ஒண்ணா உக்காந்து மண்டையை உடைச்சிக்கினீங்க?"

சிவசங்கரி அவர் தெரியாமல் கேட்கிறாரா, சோதிக்கக் கேட்கிறாரா என்று ஒரு கணம் பார்த்தாள்.

"இந்த செமஸ்டர்லதானே சார் உங்க வீடியோவுல சத்தம் வருது."